எட்டுப் பேரில் மூன்றாமவர்

தென்னாற்காடு ஜில்லாவில் ஜகாத் என்ற கடமை இன்னும் உயிரோடிருப்பதற்குக் காரணம் தம் கைக்கம்பு ஒன்றுதான் என்று சிக்கந்தர் பாட்சா சொல்வார். சிரிக்காமல் சொல்வார். கேட்பவர்களும் சிரிக்க மாட்டார்கள். கம்பு பக்கத்திலேயே சாத்தியிருக்கும்.

ஜகாத் நடக்க மூன்று பேர் வேண்டும் என்பது அவர் கட்சி. கொடுப்பவர், வாங்குபவர், அடிப்பவர். முதல் இரண்டு பேரும் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். மூன்றாவது ஆள் விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார். ரமலான் வந்துவிட்டால் திண்டிவனம், விழுப்புரம் பணக்காரர்கள் எல்லோரும் அவர் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள்.

"குர்ஆன்லயே எனக்குப் பங்கு இருக்குது" என்பார். "ஜகாத்து எட்டு வகை ஆளுக்குன்னு சொல்லியிருக்குதா? மொதல்ல ஏழை. ரெண்டாவது அவனை விட ஏழை. மூணாவது ஜகாத்து வேலை பாக்குறவன். அந்த மூணாவது ஆளு யாரு? வேற யாராச்சும் இருந்தா வந்து நிக்கச் சொல்லு."

அந்த வசனம் வசூலித்துப் பகிர்ந்து கொடுப்பவர்களைச் சொல்கிறது, அடிப்பவர்களை அல்ல என்று திண்டிவனம் பள்ளிவாசல் இமாம் ஒருமுறை எடுத்துச் சொன்னார். "அடிக்காம எப்டி ஹஜ்ரத் பகிர்ந்து குடுப்பீங்க? ஒரு நாளு வாசல்ல நின்னு பாருங்க" என்றார் சிக்கந்தர். இமாம் ஒரு நாள் நின்று பார்த்தார். அவருடைய தலைப்பாகை இன்றுவரை அகப்படவில்லை. அதன்பிறகு அவர் அந்த வசனத்தை விளக்கியதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சேர்த்து வைத்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை வருஷத்துக்கு ஒரு தடவை ஏழைக்குக் கொடுத்தாக வேண்டும், அது ஜகாத். மனமிருந்து அதற்கு மேல் கொடுத்தால் சதக்கா. ஜகாத் கொடுக்காவிட்டால் பாவம். சதக்கா கொடுக்காவிட்டால் பாவமில்லை. ஆகையால் எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள் பலர் அந்த வகையில் பாவமில்லாமலே வாழ்ந்தார்கள்.

சிக்கந்தரின் அடியில் வகை உண்டு. முண்டுகிறவனுக்கு முழங்காலில். குறுக்கே புகுகிறவனுக்கு முதுகில். ஒரு தடவை வாங்கிவிட்டு மறுபடி கை நீட்டுகிறவனுக்கு மணிக்கட்டில். மணிக்கட்டில் விழுவதற்கு மட்டும் 'நியாய அடி' என்று பெயர் வைத்திருந்தார். மற்ற அடிகளை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார். கை கோணிப்போனவர்கள் எப்படி மறப்பார்கள்?

அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு அவமானம் இருந்தது. அவர் மனைவி ஃபாத்திமா பீவி தர்மம் செய்கிற முறை. ஒரு படி கேப்பையை முந்தானையில் மறைத்துக்கொண்டு அடுத்த சந்துக்குப் போவாள். "போன மாசம் உங்ககிட்ட கைமாத்தா வாங்குனேனே, திருப்பிக் குடுக்க மறந்தே போச்சு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவாள். போன மாசம் வாங்கியிருக்கவே மாட்டாள். அந்த வீட்டில் போன மாசம் கொடுக்கவும் ஒன்றும் இருந்திருக்காது. வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும். "ஆமா ஆமா, நானும் மறந்துட்டேன்" என்று வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்கள்.

"வாங்காத கடனைத் திருப்பிக் குடுக்குற ஒரே பொம்பளை இந்த துனியாவுலயே நீதாண்டி" என்பார் சிக்கந்தர். "குடுக்குறதுன்னா நாலு பேருக்குத் தெரியணும். வாங்குனவன் நிமிந்து பாக்கணும். இன்னாடி இது, திருட்டுப் பூனை மாதிரி!"

"நீங்க நாலு பேருக்குத் தெரியுறாப்பல அடிச்சுக்கினு வாங்க. நான் இப்படியே போய்க்கினு இருக்கேன்" என்பாள் அவள். பேச்சு அதோடு நின்றுவிடும். அவளை மட்டும் அவர் எந்த வகையிலும் அடித்ததில்லை. காரணம் கேட்டால், அவள் வரிசையில் நிற்பதில்லையே என்பார்.

யுத்தம் முடிந்த வருஷத்து ரமலானில் துணிக்குக் கட்டுப்பாடு. கண்ட்ரோல் கடையில் மணிக்கணக்காய் நின்றால் ஒரு துண்டு கிடைக்கும். அதைக் கொண்டு முன்பக்கத்தை மறைத்தால் பின்பக்கம் பாக்கியிருக்கும். அப்படிப்பட்ட சமயத்தில் திண்டிவனத்தில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, மண்டி வைத்திருந்த யூசுப் அலி, தாம் ஜகாத்தைச் சேலையாகவே கொடுக்கப்போவதாகத் தமுக்கு அடிக்கச் சொன்னார். அவ்வளவு மூட்டைச் சேலை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஜப்பான்காரன் சரணடைந்த சந்தோஷத்தில் ஊர் இருந்தது.

"ஜகாத்துக்குப் போய் தமுக்கா?" என்றாராம் இமாம்.

"மல்லாட்டை ஏலத்துக்கே தமுக்கு அடிக்கிறோம் ஹஜ்ரத். அல்லா காரியத்துக்கு அடிக்கக் கூடாதா?"

தமுக்கு மயிலம், விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரை போயிற்று.

தமுக்கில் சொன்ன நாள் காலையில் மண்டி வாசலில் ஒரு கட்டை வண்டியை நிறுத்தி, அதன்மேல் நாற்காலி போட்டு யூசுப் அலி உட்கார்ந்தார். வண்டிக்கு இடது பக்கம் கடமை மூட்டை; அது ஜகாத், முஸ்லிம்களுக்கு. வலது பக்கம் மனசு மூட்டை. அது சதக்கா, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கடமைச் சேலை கெட்டித் துணி. மனசுச் சேலையை விரித்தால் மறுபக்கம் மண்டிக் கூரையில் ஓடு எண்ணலாம். "எந்த மூட்டையா இருந்தா இன்னாங்க, கிழியாததா ஒண்ணு குடுங்க" என்று கேட்ட பெரியசாமி என்ற கூலிக்காரருக்கு அன்றைய முதல் அடி விழுந்தது. முழங்காலில்.

இரண்டாம் தடவை வருகிறவர்களைக் கண்டுபிடிக்க மண்டிக் கணக்குப்பிள்ளை கோதண்டபாணி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "மூட்டைக்குக் குத்துற முத்திரைதானே முதலாளி? வாங்குறவன் கையில ஒண்ணு குத்திவுட்டா தீந்துது." மூட்டை முத்திரை நீல மை. மூன்று நாளானாலும் போகாது. யூசுப் அலிக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது. தம் மண்டி முத்திரையோடு ஜனங்கள் நாலு ஊருக்கும் நடந்து போவார்கள் அல்லவா?

சிக்கந்தர் தம் கூலியை முன்னாலேயே வாங்கிக்கொண்டார். அது மூன்றாமவர் பங்கு. அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட நல்ல சேலை. வருஷா வருஷம் ஃபாத்திமா பீவிக்குப் புதுச் சேலை என்பது அந்தப் பங்குதான்; துணிக் கட்டுப்பாட்டில் இரண்டு வருஷமாக அதுவும் வரவில்லை. அதை மடித்துச் சட்டைக்குள் வயிற்றில் சுற்றிக்கொண்டார். கூட்டத்தில் எவனாவது கத்தி வைத்திருந்தால் முதலில் சேலைதான் கிழியும். பிறகு கம்பை எடுத்து வாசலுக்கு நடுவில் நின்றார்.

"கை காட்டு! நீலம் இருந்தா அப்பிடியே திரும்பு! ஜல்தி, ஜல்தி!"

வெயில் ஏற ஏற வேர்வையில் முத்திரை எழுத்து கரைந்தது. வாங்கியவர்கள் கையில் வெறும் நீலத் திட்டுதான் மிச்சம். சிலர் அந்தத் திட்டையும் மண்டிச் செங்கல் சுவரில் தேய்த்தார்கள். மை போகவில்லை, தோல் போயிற்று. ரத்தம் சொட்டுகிற கையை நீட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் வந்தார்கள். சிக்கந்தர் உடனே சட்டத்தை விரிவாக்கினார்: நீலம் இருந்தாலும் அடி, ரத்தம் இருந்தாலும் அடி. ஒருவன் கம்பைப் பிடித்து இழுத்தான். அவன் முன்பற்கள் மனசு மூட்டைமேல் விழுந்தன. இன்னொருவன் கூட்டத்துக்குள்ளிருந்து சிக்கந்தரின் விலாவில் குத்தினான். அவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி வாசற்கல்லில் மோதினார். யூசுப் அலி வண்டிமேலிருந்து, "மெதுவா, மெதுவா, நோன்பு வெச்ச ஜனங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது கோதண்டபாணிக்கு மட்டும் கேட்டது.

குல்சும் பீவி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. விழுப்புரத்துக்காரி. கோலியனூர் சாலையில் உள்ள அவுரித் தொட்டியில் வேலை. அவுரித் தழையை ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் இறங்கி நின்று கையால் அடித்துக் கலக்கினால்தான் நீலச் சாயம் இறங்கும். வருஷக்கணக்காக அடிக்கிறவளுடைய கை என்ன நிறத்தில் இருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

அவள் வலது கையை நீட்டினாள். நீலம்.

"திரும்பு" என்றார் சிக்கந்தர்.

"நான் இன்னும் வாங்கலீங்க."

"கை சொல்லுது."

"இது வேலை நீலங்க. பெருநாள் கழிச்சு என் பொண்ணைப் பாக்கக் கோட்டக்குப்பத்துலேர்ந்து வர்றாங்க. ஊட்டுல வெளிய கட்டுற சேலை இது ஒண்ணுதான். அவ கட்டுனா நான் உள்ள ஒளியணும், நான் கட்டுனா அவ உள்ள ஒளியணும். பொண்ணும் தாயும் சேந்து நின்னாத்தானே பொண்ணு பாக்க முடியும்? ஒரு சேலை குடுங்க, போய்க்கினே இருக்கேன்."

"கதையெல்லாம் போலீஸ் கச்சேரியில சொல்லு. நவுரு."

அவள் நகரவில்லை. கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். நியாய அடி விழுந்தது.

மல்லாட்டையை உடைத்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். மண்டிக்காரர்களுக்குப் பழகிய சத்தம் என்பதால் யூசுப் அலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குல்சும் பீவி கீழே விழவுமில்லை, அழவுமில்லை. தொங்குகிற கையை இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். இடது கையால் சிக்கந்தர் பாட்சாவின் தாடியைப் பிடித்து அவர் முகத்தைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். பிறகு தாடியை விட்டுவிட்டு அதே கையால் அறைந்தாள். கன்னத்தில் விழுந்த அந்த அறை வரிசையின் கடைசி வரைக்கும் கேட்டது.

"கண்ணைத் தொறந்து பாருடா! ரெண்டு கையும் நீலம்! முழங்கை வரைக்கும் நீலம்! உங்க மண்டியில முழங்கை வரைக்கும் முத்திரை குத்துறானா?"

இடது கையை அவர் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். உண்மைதான். முழங்கை வரைக்கும், நகக்கண்ணுக்குள்ளும் நீலம். அப்படி முத்திரை குத்த கோதண்டபாணிக்கு ஒரு தொட்டி மை வேண்டும்.

சிக்கந்தர் கம்பைத் தாழ்த்தி அந்தக் கையைப் பார்த்தார். வாசலில் அவர் கம்பு தாழ்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு கணத்துக்காகத்தான் கூட்டம் காலையிலிருந்து காத்திருந்தது.

வாசற்கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது. விழுந்த கதவின்மேல் ஜனங்கள் ஏறி ஓடினார்கள். கதவுக்கு அடியிலும் ஜனங்கள் இருந்தார்கள். சேலை மூட்டையை நாலு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். ஒரே சேலையின் இரு தலைப்பையும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் காலால் உதைத்தார்கள். கடைசியில் ஆளுக்குப் பாதி. ஒருத்தி கடித்ததில் ஒருவனுக்குக் காது மடல் போயிற்று. மல்லாட்டை மூட்டைகள் கிழிந்து, காலடியில் கொட்டை உருள, ஓடியவர்கள் எல்லாரும் வழுக்கி விழ, விழுந்தவர்களை மிதித்து மற்றவர்கள் ஓடினார்கள். பெரியசாமி தராசுப் படிக்கல் ஒன்றை எடுத்து வண்டியை நோக்கி வீசினார். முழங்கால் வலித்தாலும் குறி தப்பவில்லை. யூசுப் அலி நாற்காலியோடு சரிந்து வண்டிக்கு அடியில் போனார். கோதண்டபாணியின் தலையில் யாரோ மைச் சட்டியைக் கவிழ்த்தார்கள். முகமெல்லாம் நீலமாக எழுந்து ஓடிய அவரை, "இவன் ரொம்பத் தடவை வாங்குனவண்டா!" என்று பிடித்து வைத்துச் சாத்தினார்கள்.

சிக்கந்தர் மட்டும் அடிக்கவில்லை. நாலு பேர் அவரை அடித்தார்கள். ஒரு செங்கல் புருவத்தைப் பிளந்தது. அவர் கம்பையே ஒருவன் பிடுங்கி அவர் முதுகில் இரண்டு போட்டான். குறுக்கே புகுந்தவனுக்கு விழுகிற அதே இடத்தில். வாங்கிக்கொண்டு, சுவரோரமாய்த் தன் கையை முந்தானையில் கட்டிக்கொண்டிருந்த குல்சும் பீவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு போலீஸ் வந்து, சிக்கந்தர் விட்ட இடத்திலிருந்து கூலியில்லாமல் அடித்தது. உயிர் எதுவும் போகவில்லை. போகக்கூடிய மற்றதெல்லாம் போயிற்று.

நோன்பு திறக்கிற நேரத்தில் யூசுப் அலி தலையில் கட்டோடு பள்ளிவாசலுக்கு வந்து இமாமிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஜகாத்து நிறைவேறிடுச்சுங்களா ஹஜ்ரத்?"

"கொள்ளையில்ல போச்சு பாய்? கொடுக்கும்போது கொடுக்கிறோம்னு மனசுல நினைப்பு வேணுமே."

"நினைச்சேன். வண்டிக்கடியில கெடக்கும்போதே நினைச்சுக்கினேன்."

"எடுத்துக்கினு போனவங்க ஏழையா இருக்கணும்."

"பணக்காரன் எவன் ஹஜ்ரத் காதைக் கடிச்சு சேலை எடுப்பான்?"

இமாம் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

விழுப்புரம் போகிற ரயிலில் சிக்கந்தரைத் தெரியாதவர்கள் இல்லை. "பயில்வானே, இன்னிக்கு எவ்ளோ பேரு வாங்குனாங்க?" என்று ஒருவன் கேட்டான். "அவரே ஒண்ணு வாங்கிக்கினு வர்றாருப்பா" என்றான் இன்னொருவன். பெட்டி முழுக்கச் சிரித்தது. சாதாரணமாக இப்படிப் பேசினவன் அடுத்த ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகத்தான் இறங்குவான். சிக்கந்தர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டப்படி அந்த அடி சரியான அடி. நீலக் கைக்கு அடி என்பதுதான் சட்டம். பேரணி ஸ்டேஷன் தாண்டும்வரை இதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். முண்டியம்பாக்கம் வந்தபோது சொல்வதை நிறுத்திவிட்டார்.

வீட்டில் ஃபாத்திமா பீவி புருவத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். அரக்குச் சேலையைப் பிரித்துப் பார்த்து, கரையைத் தடவி, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள். இரண்டு வருஷமாக அவள் கட்டிக்கொண்டிருப்பதில் ஒட்டு எது, சேலை எது என்று பிரிக்க முடியாது.

மறுநாள் முற்பகல் அவள் கிணற்றடிக்குப் போன சமயம் பார்த்து, சிக்கந்தர் பாட்சா தம் வீட்டுப் பெட்டியிலிருந்தே சேலையைத் திருடினார். ஆளைப் பார்த்தாலே சந்து ஒதுங்குகிற மனிதர் மேல்துண்டுக்குள் அதை மறைத்துக்கொண்டு, கோலியனூர் சாலையில் புளிய மரத்துக்குப் புளிய மரம் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். அவுரித் தொட்டியில் விசாரித்தார். குல்சும் பீவி எலும்புக் கட்டுப் போடக் கண்டாச்சிபுரம் வைத்தியரிடம் போயிருக்கிறாள் என்றார்கள். வீடு எது என்று காட்டினார்கள்.

கூரை வீடு. கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"யாரு?" உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். "அம்மா ஊட்டுல இல்லீங்க. சேலை கட்டிக்கினு போயிருக்காங்க. நான் வெளிய வர முடியாது."

"வர வேணாம்மா. உங்கம்மா நேத்து மண்டிக் கூட்டத்துல அவங்க சேலையை உட்டுட்டு வந்துட்டாங்க. குடுத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

உள்ளே தாழ்ப்பாளில் கை பட்டது.

"அம்மா வாங்கவே இல்லைன்னு சொன்னாங்களே."

"வாங்குனாங்கம்மா" என்றார் சிக்கந்தர். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நெற்றியில் வேர்த்துக் காயம் எரிந்தது. "அடிதடியில மறந்திருப்பாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். அவங்க கையில நீலம் இருந்துதே, என் கண்ணாலயே பாத்தேன்."

கதவு ஒரு சாண் திறந்தது. இடைவெளியில் ஒரு கை வந்தது. சின்னக் கை, முழங்கை வரைக்கும் நீலம். அதில் சேலையை வைத்தார். கை உள்ளே போயிற்று. துணி பிரிகிற சத்தம் கேட்டது. பிறகு சிறிதாக ஒரு மூச்சு.

"ரொம்ப நல்லதா இருக்குதுங்களே. நீங்க யாருன்னு அம்மாகிட்ட சொல்றது?"

வாசலுக்கு வாசல் தம் பெயரைத் தாமே கூவிச் சொல்லிக்கொண்டவர், "மண்டியில மூட்டை தூக்குறவன்மா" என்றார்.

"நீங்க நல்லா இருக்கணும். அங்கதான் எவனோ ஒரு கம்புக்காரன் எங்கம்மா கையை ஒடிச்சுப்புட்டான். நோன்பு வாயால சொல்றேன், அவன் கை அழுவிப் போவணும்."

"ஆமீன்" என்று சொல்லிவிட்டு சிக்கந்தர் பாட்சா சாலையில் இறங்கினார்.